33 நிமிடத்தை முழுசாகக் கேட்டுவிட்டு எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பிதழில், வயதான பிறகும் ஓயாமல் ஆல்பம் வெளியிடும் வெளிநாட்டுப் பாடகர்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. அதில் அமெரிக்காவின் பால் சைமனுக்கு ஒதுக்கியிருந்த பகுதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். 2023 மே மாதம் தன் 81-ஆவது வயதில் அவர் வெளியிட்ட 'செவன் சாம்ஸ்' (பைபிளில் வருகிற மாதிரி ஏழு திருப்பாடல்கள் என்று அர்த்தம்) ஆல்பத்தைக் கட்டுரையாளர் நாலே வாக்கியத்தில் தள்ளிவிட்டார். குரல் தேய்ந்து வெறும் முணுமுணுப்பாகிவிட்டதாம். வாயில் ஒட்டுகிற மாதிரி ஒரு பாட்டுகூட இல்லையாம். வசதியாக வாழ்ந்த மனிதருக்குக் கடைசிக் காலத்தில் வந்த பக்தியாம். அப்புறம், 2018-ல் விடைபெறும் பயணம் என்று சொல்லி டிக்கெட் விற்றவர் 2025-ல் மறுபடி மேடையேறியது ரசிகர்களை ஏமாற்றும் வேலையாம்.

நான் தங்கச்சிமடத்தில் மைக்செட் வைத்திருப்பவன். வேர்க்காடு சந்தியாகப்பர் கோயில் திருவிழாவிலிருந்து ஏர்வாடி சந்தனக்கூடு வரை, கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று இந்தக் கடற்கரையில் வயர் இழுக்காத தெரு குறைவு. ஒரு குரல் போய்விட்டதா, இருக்கிறதா என்று சொல்லுவது என் தொழிலின் பாதி. மேடையில் பேசவோ பாடவோ வருகிறவர் மைக்கைத் தட்டிப் பார்த்து இரண்டு வார்த்தை சொல்வதற்குள் அவருக்கு எவ்வளவு பேஸ் வேண்டும், எவ்வளவு ட்ரெபிளைக் குறைக்க வேண்டும் என்று கை தானாகப் போய்விடும். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

பாம்பன்காரனுக்குப் பால் சைமனை எப்படித் தெரியும் என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சிரிக்கலாம். எங்கள் தீவில் அந்தக் காலத்தில் மதராஸ் நிலையத்தைவிட இலங்கை வானொலிதான் கணீரென்று எடுக்கும். நடுவில் இருப்பது கடல் மட்டும்தானே. தமிழ்ப் பாட்டு முடிந்ததும் முள்ளைக் கொஞ்சம் திருப்பினால் ஆங்கில ஒலிபரப்பு. அதில் சைமனும் அவருடைய அந்தக் காலத்து ஜோடி கார்ஃபங்கெலும் சேர்ந்து பாடிய பாட்டுகள் வரும். அர்த்தம் ஒன்றும் புரியாது. இரண்டு குரலும் ஒன்றின்மேல் ஒன்று படியாமல் பக்கத்தில் பக்கத்தில் போவது மட்டும் புரியும். பிற்பாடு நான் இந்தத் தொழிலுக்கு வந்ததற்கு அந்த ரேடியோதான் காரணம் என்று அக்கா இன்றைக்கும் சொல்லுவாள். அவள் மகன் இப்போது சென்னையில் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருக்கிறான். இந்த ஆல்பத்தை எனக்கு அனுப்பியதும், வரிகளை அச்செடுத்துக் கொரியரில் போட்டதும் அவன்தான். "மாமா, இதை வேலை பார்த்துக்கொண்டே கேட்காதீங்க, உட்கார்ந்து கேளுங்க" என்று ஒரு கட்டளையும் கூட வந்தது.

ஆல்பம் வெளியானது மே 19. இங்கே அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு ஒன்றும் கடலுக்குப் போகாது. விடியற்காலையில் எஞ்சின் சத்தம் கிடையாது, மீன் வண்டி ஹாரன் கிடையாது, ஐஸ் உடைக்கிற சத்தமும் கிடையாது. ஊரே கையில் காசில்லாமல் உட்கார்ந்திருக்கிற நேரம் அது; கேட்பதற்கு மட்டும் நல்ல நேரம். கடை ஷட்டரை இறக்கிவிட்டு, விழாவுக்குக் கொண்டுபோகிற பெரிய பாக்ஸ்களைத் தொடாமல், ரிப்பேர் மேஜையில் இருக்கும் இரண்டு சின்ன ஸ்பீக்கரில் கேட்டேன்.

முதலில் குரலைப் பேசிவிடுவோம்.

கட்டுரையாளர் இந்த ஆல்பத்தை எந்தக் குரலோடு வைத்து அளக்கிறார் என்று யோசித்தேன். 1970-ல் உலகமெல்லாம் ஓடிய 'பிரிட்ஜ் ஓவர் ட்ரபிள்ட் வாட்டர்' என்ற அந்தப் பாலம் பாட்டுதான் அவர் மனத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். (பாலம் என்றாலே எங்களுக்கு வேறு நினைப்பு. பழைய ரயில் பாலம் மூடியதிலிருந்து 2025 ஏப்ரலில் புதுசு திறக்கும்வரை இரண்டு வருஷத்துக்குமேல் ரயில் பிடிக்க மண்டபத்துக்கு அலைந்தவர்கள் நாங்கள்.) அந்தப் பாட்டை எழுதியவர் சைமன். பாடியவர் கார்ஃபங்கெல். கடைசியில் மலையேறி நிற்கிற குரல் சைமனுடையது இல்லை. அவருக்கு எப்போதுமே சின்னக் குரல்தான், எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுகிற அளவு. இளைஞனாக இருந்தபோதும் அவர் தொண்டையைத் திறந்து கத்தியவர் இல்லை.

இதற்கு நேர் எதிர்ப் பள்ளிக்கூடம் ஒன்று நம் மண்ணிலேயே உண்டு. ராமநாதபுரத்தில் பிறந்து நாகூரைப் பெயரோடு சேர்த்துக்கொண்ட இ.எம். ஹனிபா. அந்தக் குரலுக்கு மைக்கே ஒரு மரியாதைக்குத்தான். பதிவைப் போட்டாலே ஆம்ப்ளிஃபயர் வால்யூமைக் குறைக்கத்தான் கை போகும். அப்படி வெண்கலக் குரலில் உச்சத்தில் பாடுகிறவர்களுக்கு வயது வந்தால் முதலில் மேல் ஸ்தாயிதான் கைவிடும். அதைத் தாங்கிப் பிடிக்கவே பாதி உயிர் போகும். சின்னக் குரல்காரர்களின் கதை வேறு. அவர்களிடம் வயது பறித்துக்கொள்ள மேலே ஒன்றும் பெரிதாக இல்லை. கொஞ்சம் மூச்சு குறையும், வார்த்தைக்கு முன்னால் ஒரு சின்னத் தயக்கம் வரும். மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டால் போதும். பாடுகிறவர் மைக்கை நெருங்க நெருங்கக் கீழ் ஒலி தானாகக் கூடும் என்பது மைக்செட் பையன்களுக்கே தெரியும். தேய்ந்த குரலுக்கும் அதில் ஒரு சதைப்பற்று வந்துவிடும். 'செவன் சாம்ஸ்' பதிவில் நடந்திருப்பது அதுதான். கிட்டார் நரம்பில் விரல் நகர்கிற உரசல்கூடக் காதில் விழுகிற தூரத்தில் அவர் உட்கார்ந்திருக்கிறார். முணுமுணுப்பு என்று கட்டுரையாளர் சொல்வது அந்தத் தூரத்தைத்தான். அதைக் காரில் ஏசி போட்டுக்கொண்டு, போன் ஸ்பீக்கரில் கேட்டால் முணுமுணுப்பாகத்தான் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. இருக்கிற குரலுக்குத் தகுந்த மாதிரி பாட்டை எழுதிக்கொள்ள அவரால் முடிகிறது, ஏனென்றால் எழுதுகிறவரும் அவரே. மெட்டு அவர் பேசுகிற இடத்தைவிட்டு அதிகம் மேலே போவதில்லை. மேலே போக வேண்டிய இடத்தில் மனைவி ஈடி பிரிக்கெல் வந்து பாடுகிறார். அவரும் பெயர் பெற்ற பாடகிதான், கணவரைவிடச் சுமார் 25 வயது இளையவர். இவர் தரையில் நிற்க, அவர் குரல் கொஞ்சம் மேலே நிற்கிறது. அது சமாளிப்பு என்று யாராவது சொன்னால், சரி, நல்ல சமாளிப்பு என்றுதான் சொல்லுவேன்.

வாயில் ஒட்டுகிற பாட்டு இல்லை என்பது இரண்டாவது புகார். இது எனக்குக் கொஞ்சம் கோபத்தையே வரவழைத்தது. இந்த ஆல்பத்தில் தனிப் பாட்டு என்று எதுவும் இல்லை. ஏழு பகுதி, ஏழுக்கும் பெயர் உண்டு, ஆனால் மொத்தம் 33 நிமிடமும் ஒரே தொடர்ச்சி. ஒரு பகுதியைத் தாண்டி அடுத்ததற்குத் தாவ முடியாது. பிடித்ததை மட்டும் எடுத்து ரீல்ஸில் போடவும் வசதி கிடையாது. முதல் பகுதியின் மெட்டு நடுவில் திரும்ப வரும், வேறு வார்த்தைகளோடு, வேறு மனநிலையில். முதல் முறை நிம்மதியாகக் கேட்ட அதே மெட்டு அடுத்த முறை வரும்போது மிரட்டும். பாட்டு பாட்டாக வெட்டிக் கேட்டால் இந்தத் திரும்பி வருதல் எப்படிக் காதில் விழும்? கட்டுரையாளர் முழுசாகக் கேட்டிருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஒட்டுகிற பாட்டு எழுதத் தெரியாதவரும் இல்லை அவர். 1964-ல் வந்த சைமன்-கார்ஃபங்கெல் ஜோடியின் முதல் ஆல்பம் விற்கவில்லை. அதில் வெறும் கிட்டாரோடு இருந்த மௌனத்தைப் பற்றிய ஒரு பாட்டுக்கு, டாம் வில்சன் என்ற தயாரிப்பாளர் அவர்களுக்குத் தெரியாமலே எலக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் சேர்த்து 1965-ல் மறுபடி வெளியிட்டார். 1966 ஜனவரியில் அது அமெரிக்காவில் முதலிடம். 1986-ல் வந்த 'கிரேஸ்லேண்ட்' ஆல்பத்துக்குத் தென்னாப்பிரிக்கக் கலைஞர்களோடு சேர்ந்து வாசித்தார். நிறவெறி அரசுக்கு எதிரான கலாச்சாரப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்தபோது அங்கே போய்ப் பதிவு செய்தது சரியா என்று அப்போது பெரிய சண்டையே நடந்தது. அந்தக் கேள்வி நியாயமானது என்பது என் கட்சி. ஆனால் அந்தப் பாட்டுகளைக் கேட்டுக் கால் ஆடாதவன் கிடையாது. இப்படி அறுபது வருஷமாக ஒட்டுகிற பாட்டுகளை எழுதியவர் 81 வயதில் ஒட்டாத ஒன்றை எழுதினால், முடியாமல் எழுதினார் என்பதைவிட வேண்டுமென்றே எழுதினார் என்று எடுத்துக்கொள்வதுதான் நியாயம்.

அவரே சொன்ன கதை இது. 2019 ஜனவரி 15-ஆம் தேதி (நமக்கு அன்றைக்குப் பொங்கல்) ஒரு கனவு. நீ 'செவன் சாம்ஸ்' என்று ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறாய் என்று கனவு சொல்கிறது. எழுந்து தாளில் குறித்து வைக்கிறார். என்ன அர்த்தம் என்று அவருக்கே தெரியவில்லை. அதற்கு முந்தின வருஷம்தான் ஊர் ஊராகப் போய் வாசிப்பதை நிறுத்தியிருந்தார். அப்புறம் வாரத்தில் இரண்டு மூன்று நாள், விடியற்காலை மூன்றரைக்கும் ஐந்துக்கும் நடுவில் விழிப்பு வரும், வரிகள் வரும், எழுதிக்கொள்வார். அந்த நேரத்தில் எழுந்திருப்பது எங்கள் பக்கம் அதிசயம் இல்லை. தடைக்காலம் தவிர மற்ற நாளில் பாதி ஊர் அப்போது முழித்துத்தான் இருக்கும். ஆனால் வந்ததை அவசரப்பட்டு ஆல்பமாக்காமல் நாலு வருஷம் பொறுத்திருக்கிறார். அந்த வயதில் நாலு வருஷம் என்பது என்ன என்று எனக்கு இப்போது தெரிகிறது.

இனி அந்தப் பக்திப் புகார். இதுதான் நான் இந்தக் கடிதத்தை எழுத முக்கியக் காரணம்.

'சாம்ஸ்' என்றதும் கட்டுரையாளர் கோயில் பாட்டு என்று முடிவு கட்டிவிட்டார். நான் கோயிலுக்கு மைக் கட்டுகிறவன், திருப்பாடல்களைக் கேட்டுக்கேட்டு வளர்ந்தவன். ஆண்டவரை ஆயன் என்றும் கோட்டை என்றும் கற்பாறை என்றும் சொல்லக் கேட்டிருக்கிறேன். சைமன் சொல்கிற ஆண்டவர் ஓரிடத்தில் என்ஜினியர், இன்னோரிடத்தில் இவருடைய ரெக்கார்டு தயாரிப்பாளர். அதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். எங்கள் தொழில்காரர் ஒருவர் வானத்திலும் இருக்கிறார் என்று. காடும் அவரே, காட்டைக் காக்கிற காவலாளியும் அவரே. ஏழைக்குச் சோறு, ஊருக்குப் புதியவனுக்குத் திறந்திருக்கும் கதவு. இதுவரை யாருக்கும் சங்கடம் இல்லை. அப்புறம் அதே மெட்டில் வேறு பட்டியல் வருகிறது. கோவிட் கிருமி ஆண்டவர். ஏறி வருகிற கடல் ஆண்டவர். கொடூரமான வேகத்தில் வீசுகிற வாள் ஆண்டவர். இடையில், எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் ஒரு தமாஷ் என்றும் ஆண்டவரைச் சொல்கிறார். இதையா வசதியான பக்தி என்பது?

ஏறி வருகிற கடல் என்ற இடத்தில் நான் பாட்டை நிறுத்தவில்லை, நிறுத்தவும் முடியாது, ஆனால் அதற்கப்புறம் வந்த இரண்டு மூன்று வரி காதில் ஏறவில்லை. 1964 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, தனுஷ்கோடியைக் கடல் எடுத்துக்கொண்டது. ரயிலோடு எடுத்துக்கொண்டது. அப்போது நான் சின்னப் பையன். என் அத்தை வீடு அங்கேதான் இருந்தது. அத்தையும் மாமாவும் பிழைத்து வந்தார்கள். மாமாவின் அம்மா வரவில்லை. அதற்குப் பிறகு அத்தை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போவாள், வரும் வழியெல்லாம் ஆண்டவரைத் திட்டிக்கொண்டே வருவாள். பின்னே ஏன் போகிறாய் என்று ஒருநாள் அப்பா கேட்டதற்கு, வேறு யாரைப் போய்க் கேட்கச் சொல்கிறாய் என்று சண்டைக்கு வந்தாள். சைமன் பாடுவது என் அத்தையின் பக்திதான். கூம்பு ஒலிபெருக்கியில் போடுகிற பக்தி இல்லை.

'டிரெயில் ஆஃப் வால்கனோஸ்' என்ற பகுதியையும் சொல்ல வேண்டும். இளமையில் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு நாற்சந்திகளுக்கும் கடல் தாண்டியும் போனேன் என்கிறார். அந்தப் பழைய பாதைகளெல்லாம் இன்றைக்கு எரிமலை வரிசையாக இருக்கின்றன, அவற்றிலிருந்து அகதிகள் சிதறி வருகிறார்கள் என்கிறார். இதை நியூயார்க்கில் கேட்கிறவருக்கு என்ன தோன்றுமோ. எங்களுக்கு மண்டபம் இலங்கை அகதிகள் முகாம் பஸ் ஜன்னலில் தெரிகிற தூரம். 1983-க்குப் பிறகு படகு படகாக வந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் கல்யாணங்களுக்கு நான் மைக்செட் கட்டியிருக்கிறேன். 2022-ல் இலங்கையில் அரிசிக்கும் பாலுக்கும் வழியில்லாமல் போனபோது மறுபடி குடும்பம் குடும்பமாக அரிச்சல்முனைப் பக்கத்து மணல் திட்டுகளில் கொண்டுவந்து இறக்கிவிடப்பட்டார்கள். நாங்கள் ஆங்கிலப் பாட்டு கேட்ட ரேடியோ நிலையமும் அதே நாட்டில்தான் இருக்கிறது. பழைய பாதை என்று அவர் சொன்னது எனக்கு அப்படித்தான் கேட்டது. அவர் இதை நினைத்து எழுதவில்லை என்று தெரியும். அதனால் என்ன?

எல்லாம் கனம் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல். மூன்றாவது பகுதியில் இரண்டு மாடுகள் பேசிக்கொள்கின்றன. ஒன்று இன்னொன்றைத் திட்டுகிறது. உடனே இவர், என் தொழில்முறைக் கருத்துப்படி நாட்டிலுள்ள எல்லா மாடுகளும் இதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று தீர்ப்பு சொல்கிறார். எங்கள் கடைத்தெருவில் தினமும் சாயங்காலம் நடக்கிற அரசியல் பேச்சைப் பாட்டாக்கினால் இப்படித்தான் வரும். கருத்துச் சொல்ல எல்லோருக்கும் தொழில்முறைத் தகுதி இருக்கிற காலம் இது. (எனக்கும்தான்.)

குறையே இல்லையா என்றால் இருக்கிறது. வோசஸ் எய்ட் என்ற இங்கிலாந்துக் குழுவினரின் கூட்டுக்குரல் சில இடங்களில் வருகிறது. நன்றாகத்தான் பாடுகிறார்கள், ஆனால் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த மனிதரை அது திடீரென்று பெரிய ஆலயத்துக்குள் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. நானாக இருந்தால் அந்த எக்கோவைப் பாதியாகக் குறைத்திருப்பேன். பின்னணியில் மணியும் வேறு சில விசித்திர ஓசைகளும் அடிக்கடி வந்துபோகின்றன. முதல் மணி அழகு. அப்புறம் வருவதில் சிலது, நாங்களும் இருக்கிறோம் என்று சொல்ல வருகிற மாதிரி இருக்கிறது. மன்னிப்பைப் பற்றிய நாலாவது பகுதி எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சொர்க்கத்தின் தண்ணீரில் கையை நனைத்துக்கொள் என்கிற ஒரு வரி மட்டும் நிற்கிறது. தீர்த்தமாட வருகிறவர்களைத் தினமும் பார்க்கிற ஊர் என்பதால் இருக்கலாம். ஆறாவது பகுதியில் வழியில் நின்ற இரண்டு பேரை வண்டியில் ஏற்றிக்கொண்ட ஒரு கதை வருகிறது. கதை சொல்ல ஆரம்பித்துவிட்டு முடிக்காமல் போய்விடுகிறார். அக்கா மகனுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. எங்களுக்குள் இன்னும் தீரவில்லை.

கடைசிப் பகுதியின் பெயர் 'வெயிட்'. பொறு, நான் இன்னும் தயாரில்லை, சாமான்களைக் கட்டிக்கொண்டிருக்கிறேன், கை நடுங்கவில்லை, புத்தி தெளிவாக இருக்கிறது என்று சொல்கிறார். மைக்செட்காரனுக்கு இதைவிடச் சொந்தமான வரி உலகத்தில் எந்தப் பாட்டிலும் இருக்காது. சப்பரம் நிலைக்கு வந்து, கடைசி வெடியும் வெடித்து, ஊர் தூங்கப் போன பிறகு எங்கள் வேலை ஆரம்பிக்கும். வயர் சுற்ற வேண்டும், மைக் ஸ்டாண்டைக் கழற்ற வேண்டும், கூம்பு ஹாரனைக் கம்பத்திலிருந்து இறக்க வேண்டும். வண்டிக்காரர் கீழே நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பார். பொறுப்பா, பொறு, என்று மேலேயிருந்து சத்தம் போடுவோம். சாவைப் பார்த்து ஒருவர் அப்படிச் சொல்கிறார். அதற்கு மனைவி குரல் பதில் சொல்கிறது, பிள்ளைகளே கிளம்புங்கள், வீட்டுக்குப் போகும் நேரம் வந்துவிட்டது என்று. இரண்டு பேரும் சேர்ந்து ஆமென் சொல்லி முடிக்கிறார்கள். இதில் பயமும் இருக்கிறது, கொஞ்சம் அடமும் இருக்கிறது. பக்தி எவ்வளவு இருக்கிறது என்று நீங்களே கேட்டுச் சொல்லுங்கள்.

விடைபெறும் பயணத்தைப் பற்றிய குத்துக்கு வருகிறேன். 2018 செப்டம்பரில் அவர் வளர்ந்த குவீன்ஸ் பகுதிப் பூங்காவில் கடைசி நிகழ்ச்சி நடத்தி முடித்தது உண்மை. 2025 ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸில் ஆரம்பித்து மறுபடி ஊர் ஊராகப் போனதும் உண்மை. இனிமேல் கடலுக்கே போகமாட்டேன் என்று சத்தியம் பண்ணிய பெரியவர்கள் எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பேர் உண்டு. சத்தியம் பண்ணின வருஷமே போனவர்களும் உண்டு. அதை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை.

ஆனால் கட்டுரையாளர் சொல்லாமல் விட்ட ஒன்றுதான் பெரிசு. இந்த ஆல்பத்தை முடிக்கிற சமயத்தில் சைமனுக்கு இடது காது பெரும்பாலும் கேட்காமல் போய்விட்டது. திடீரென்று நடந்தது, காரணம் யாருக்கும் தெரியவில்லை என்று அவரே பேட்டியில் சொன்னார். இது சாதாரணக் குறை என்று நினைக்க வேண்டாம். வருஷக்கணக்கில் ஹாரனுக்குப் பக்கத்தில் நின்று எனக்கும் வலது காது பாதிக்குமேல் போய்விட்டது, அதனால் சொல்கிறேன். ஒரு காது போனால் சத்தம் பாதியாகக் குறையும், அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். முதலில் போவது திசை. தெருவில் யாராவது கூப்பிட்டால் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாது. கூட்டத்தில் நாலு பேர் பேசினால் ஒருவர் பேச்சை மட்டும் பிரித்தெடுக்க முடியாது. பக்கவாத்தியங்களுக்கு நடுவில் நிற்கிற பாடகருக்கு அப்படி ஆனால், தன் குரல் சுருதியில் இருக்கிறதா என்பதே சந்தேகமாகிவிடும்.

அவர் என்ன செய்தார்? தன்னைச் சுற்றிப் பெரிய ஸ்பீக்கர்களை வைத்துக்கொண்டார். ஆர்ப்பாட்டமான சில பாட்டுகளை இனிப் பாட முடியாது என்று வெளிப்படையாகச் சொன்னார். மைதானங்களை விட்டுவிட்டு, ஒலி நன்றாக நிற்கிற சின்ன அரங்குகளாகப் பார்த்துப் போனார். நிகழ்ச்சியின் முதல் பாதியில் இந்த 33 நிமிடத்தையும் முழுசாக வாசித்தார். பழைய பாட்டு அதற்கப்புறம்தான். டிக்கெட் விற்பதுதான் நோக்கம் என்றால் யாராவது இப்படிப் பண்ணுவார்களா? பழைய பாட்டு கேட்க வந்தவர்களை முதல் பாதி முழுக்கப் புதுசு கேட்க வைப்பது என்ன மாதிரி வியாபாரம் என்று எங்கள் ஊர் நாடகக் கம்பெனிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். மேடையை உடைத்துவிடுவார்கள் என்பார்கள்.

சத்தத்தைக் குறைப்பதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும். இப்போது திருவிழாவுக்கு வருகிற டிஜே செட்டுகளைப் பார்க்கிறேன். ஆள் உயரத்துக்கு பாக்ஸ் அடுக்குகிறார்கள், நெஞ்செலும்பு அதிர்கிறது. இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்று சட்டம் இருப்பதால்தான் தொட்டிலில் கிடக்கிற பிள்ளைகள் தூங்குகின்றன. இந்த வயதில், இந்தத் தொழிலில் இருந்துகொண்டு, 33 நிமிடம் யாரும் கத்தாத ஒரு ஒலிப்பதிவைக் கேட்டது எனக்குக் காதைக் கழுவிய மாதிரி இருந்தது. கட்டுரையாளரிடம் எனக்குத் தனிப்பட்ட விரோதம் ஒன்றும் இல்லை. சினிமாப் பாட்டைப் பற்றி அவர் எழுதுவதை விடாமல் படிக்கிறேன். ஆனால் இதைக் கேட்காமல் எழுதியிருக்கிறார், அல்லது வேறு வேலைக்கு நடுவில் கேட்டு எழுதியிருக்கிறார். உங்கள் வாசகர்கள் அதை நம்பி இந்த ஆல்பத்தை விட்டுவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. அடுத்த முறை இப்படி ஒன்றை எழுதும்போது ஆல்பத்தின் நீளத்தையும் கட்டுரையில் போடச் சொல்லுங்கள். வாசிக்கிறவர்களுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும் என்று தெரியும், எழுதுகிறவருக்கும் ஒரு நினைவூட்டலாக இருக்கும்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. வயதான குரல்களைப் பற்றி எழுத உங்களுக்கு ஆசை இருந்தால் அமெரிக்கா வரை போக வேண்டாம். எங்கள் பக்கம் கரைவலை இழுக்கும்போது அம்பா என்கிற தொழில் பாட்டைப் பாடத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். வரிகளில் பாதி பரம்பரையாக வந்தது, மீதி அன்றன்றைக்கு அவர்களே கட்டுவது. வலையின் கனத்தைப் பார்த்து, முதலாளியின் முகத்தைப் பார்த்து, அந்த இடத்திலேயே கட்டுவார்கள். பாம்பனில் மீனவர்களுக்காக நடக்கிற கடல் ஓசை வானொலி போன்றவர்கள் செய்வது ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு தமிழ் நாளிதழ் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் இவர்களைப் போட்டால் என்ன குறைந்துவிடும்? உங்கள் ராமநாதபுரம் நிருபரை அனுப்புங்கள். மதியத்தில் வேண்டாம், அவர்கள் தூங்குகிற நேரம். விடியற்காலை வலை வளைத்த பிறகு வரட்டும், அப்போதுதான் பாட்டு வரும். மைக்கும் ரெக்கார்டரும் நான் கொண்டுவருகிறேன், காற்றுச் சத்தத்தை அடக்கும் உறையும் என்னிடம் உண்டு. ஒரே நிபந்தனை, வலை கரை சேரும்வரை அவர் கிளம்பக் கூடாது. சில நாள் அதற்கு மூன்று மணி நேரம்கூட ஆகும். டீயும் வடையும் என் செலவு.

இப்படிக்கு,
ஒரு மைக்செட்காரர்,
தங்கச்சிமடம்.

(பெயர் போட வேண்டாம். கடையில் வந்து பேசியே கொன்றுவிடுவார்கள்.)